இரத்தப்போக்கை நிறுத்தும் கட்டுத்துணிகள்: முதலுதவி வகுப்புகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல ஆண்டுகள் தாதி உத்தியோகத்தராக விபத்துப் பிரிவில் கடமையாற்றிய பின்னர், இப்போது மட்டக்களப்புக் களப்பின் இரு கரைகளான படுவான்கரையிலும் எழுவான்கரையிலும், தெற்கே அக்கரைப்பற்று, பொத்துவில் வரையிலும் விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் முதலுதவி வகுப்பு நடத்தி வருகிறேன். எந்த ஊருக்குப் போனாலும் இரத்தம் கட்டுப்படுத்தும் பாடத்தில் ஒரே ஐயங்களே எழுகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, கீழே விடை தந்திருக்கிறேன்.

இரத்தத்தை நிப்பாட்டுற துணி எண்டு சொல்றீங்களே மிஸ், சாதாரண கோஸ் துணிக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

பார்வைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டும் மெல்லிய வெள்ளைத் துணியே. சாதாரண கோஸ் இரத்தத்தை உறிஞ்சும். அழுத்துவதற்கு ஒரு மெத்தை போலவும் உதவும். இரத்தப்போக்கை நிறுத்துவதற்கென்று செய்யப்பட்ட துணியில், இரத்தம் விரைவாக உறைவதற்குத் துணைபுரியும் ஒரு பொருள் ஏற்றப்பட்டிருக்கும். இன்று பெரும்பாலும் பயன்படுபவை இரண்டு: ஒன்று கயோலின் என்னும் வெண்களி, மற்றையது இறால், நண்டு ஆகியவற்றின் கோதிலிருந்து எடுக்கப்படும் கைட்டோசான்.

இவை தவிர, கடற்பாசியிலிருந்து செய்யப்படும் அல்ஜினேற் துணியும் உண்டு. அது கசியும் புண்களுக்கு ஏற்றது. நாடி வெட்டுப்பட்டுப் பீறிடும் இரத்தத்துக்கு ஏற்றதல்ல. சத்திரசிகிச்சைக் கூடத்தில் வைத்தியர்கள் உள்ளே வைக்கும் கெலட்டின் பஞ்சும் செலுலோசு வலையும் வேறொரு வகை. அவை வீட்டுப் பாவனைக்கு உரியவை அல்ல.

அதை வைச்ச உடனே இரத்தம் நிண்டிருமா?

நிற்காது. இந்த ஒரு விடயம் மனத்தில் பதிந்தால் மற்றவை எல்லாம் இலகுவாகிவிடும். இரத்தத்தை நிறுத்துவது முதலில் உங்கள் கை. துணி அந்தக் கைக்குத் துணை. ஓடுகின்ற இரத்தம் உறையாது. வெட்டுப்பட்ட குழாயை அழுத்தி ஓட்டத்தை மறித்தால்தான், துணியில் உள்ள மருந்து அங்கே தேங்கிய சிறிதளவு இரத்தத்தை உறையச் செய்து அடைப்பாக மாற்ற முடியும்.

வகுப்பில் இதனைக் காட்டுவதற்கு ஒரு தடித்த மெத்தைப் பஞ்சுத் துண்டை எடுத்து, அதில் ஆழமாகக் கீறி, கீறலின் அடியில் சேலைன் குழாய் ஒன்றைச் செருகி, சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரை உயரத்திலிருந்து விடுவேன். துணியை மேலே வைத்து உள்ளங்கையால் பொத்துபவரின் விரல்களுக்கிடையே தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். அதே துணியின் நுனியை விரலால் அடிவரை தள்ளி, குழாய் வாயைக் கண்டுபிடித்து அழுத்துபவரின் நகம் வெளிறும். அதே கணத்தில் தண்ணீர் நின்றுவிடும். அங்கே மருந்து எதுவும் இல்லை.

எப்பிடி வைக்கிறது? மேலால சுத்திக் கட்டினாப் போதாதா?

மேலோட்டமான வெட்டுக்குப் போதும். ஆழமான வெட்டுக்குப் போதாது. முதலில் உடையை விலக்கி, இரத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். காயத்தில் தேங்கிய இரத்தத்தை ஒரு துணியால் ஒற்றி எடுத்தால் ஊற்று எந்தப் பக்கம் என்று தெரியும். துணியின் நுனியை விரலால் அந்த ஊற்றின்மீது நேரே கொண்டுபோய் அழுத்துங்கள். அழுத்தத்தை விடாமல் மறுகை விரலால் அடுத்த மடிப்பை உள்ளே தள்ளுங்கள். ஒரு விரல் உள்ளே அழுத்தியபடி இருக்கும்போதுதான் மற்ற விரல் வெளியே வரலாம். குழி நிரம்பி, காயத்துக்கு மேலே துணி மேடாக எழும்பும்வரை இப்படியே அடைக்க வேண்டும்.

பின்னர் இரு கைகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, முழங்கையை நிமிர்த்தி, உடற்பாரம் இறங்கும்படி அழுத்துங்கள். காயப்பட்டவர் நிலத்தில் கிடக்க வேண்டும். கட்டிலிலோ லாண்ட்மாஸ்டர் (இரு சில்லு உழவு இயந்திரம்) பெட்டியில் விரித்த மெத்தையிலோ கிடத்தினால், உங்கள் பாரத்தை மெத்தை வாங்கிக்கொள்ளும். மருந்தேற்றிய துணியாயின் குறைந்தது 3 நிமிடம், வெறும் கோஸ் அல்லது வீட்டுத் துணியாயின் 10 நிமிடம், மணிக்கூட்டைப் பார்த்து அழுத்துங்கள். பதற்றத்தில் ஒரு நிமிடம் ஐந்து நிமிடமாகத் தோன்றும். அடைக்கும்போது காயப்பட்டவர் வலியில் கத்துவார். அதற்காகக் கை தளரக் கூடாது. 'நோகும், ஆனால் இரத்தம் நிற்கும்' என்று அவருக்குச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.

நிண்டுட்டுதா எண்டு எடுத்துப் பாக்காம எப்பிடித் தெரியும்?

எடுத்துப் பார்ப்பதுதான் நான் கண்ட தவறுகளுள் மிகவும் கொடியது. வேளாண்மை வெட்டுக் காலத்தில், புல்வெட்டும் இயந்திரத்தின் தகடு கழன்று தொடையில் பாய்ந்த ஒரு இளைஞனைக் கொண்டுவந்தார்கள். கூட வந்தவர்கள் நல்ல மனதுடன்தான் துணி வைத்திருந்தார்கள். ஆனால் வழியெங்கும் மாறிமாறி ஒவ்வொருவராகத் துணியைத் தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். தூக்கிய ஒவ்வொரு முறையும் அப்போதுதான் பிடித்திருந்த உறைவு துணியோடு உரிந்து வந்து, இரத்தம் முதலிலிருந்து ஓடத் தொடங்கியது. அவன் பிழைத்தான். ஆனால் அவனுக்கு ஏற்ற வேண்டியிருந்த இரத்தத்தில் பாதி, அந்தப் பார்வைகளால் போனது என்றே இன்றும் நினைக்கிறேன்.

துணியைத் தொடாமலே தெரிந்துகொள்ளலாம். துணியின் ஓரத்தைப் பாருங்கள், காயப்பட்டவரின் கீழே நிலத்தைப் பாருங்கள். புதிதாக வழியவில்லை, நிலத்தில் உள்ள ஈரம் பரவவில்லை என்றால் நின்றிருக்கிறது. துணி ஊறி இரத்தம் மேலே வந்தால், இன்னும் துணியை மேலே வைத்து முன்னரிலும் பலமாக அழுத்துங்கள். அப்படியும் ஓடினால் உங்கள் விரல் ஊற்றைத் தவறவிட்டிருக்கிறது என்று பொருள். அப்போது மட்டும் ஒருமுறை அனைத்தையும் எடுத்து, ஊற்றைத் தேடி, புதிதாக அடைக்கலாம்.

எங்களிட்ட அந்தத் துணி இல்ல. வயலுக்க நிண்டு என்னத்தை வைக்கிறது?

கையில் உள்ள சுத்தமான பருத்தித் துணியை வையுங்கள். சாரன், சேலைத் தலைப்பு, தலைத்துண்டு, சட்டை எல்லாம் உதவும். மருந்தேற்றிய துணி இல்லை என்பதற்காக யாரும் கைவிட வேண்டியதில்லை. மேலே சொன்ன முறையில் ஊற்றின்மீது அடைத்துப் பலமாக அழுத்தினால், வெறும் துணியாலும் பெரும் இரத்தப்போக்கை நிறுத்த முடியும். யுத்த காலத்தைக் கண்ட பெரியவர்கள் 'சாரனைக் கிழிச்சுத்தானே கட்டினம்' என்று சொல்வதை மதித்தே கேட்கிறேன். அவர்கள் கட்டினார்கள், இன்று நாம் கட்டுவதற்கு முன்னர் அடைக்கவும் கற்றுக்கொள்கிறோம்.

துணி அழுக்காயிற்றே என்று தயங்காதீர்கள். கிருமித் தொற்றுக்கு வைத்தியசாலையில் மருந்து உண்டு, ஏற்புவலித் (டெட்டனஸ்) தடுப்பூசியும் உண்டு. பிறருடைய இரத்தம் உங்கள் கையில் படாதிருக்க, கையுறை இல்லாவிட்டால் சொப்பிங் பேக் ஒன்றைக் கையில் மாட்டிக்கொள்ளலாம்.

பெண்கள் பாவிக்கிற பேட்டை வைச்சா நல்லா உறிஞ்சுமே?

உறிஞ்சும், அதுவே அதன் குறை. இரத்தம் உள்ளே போய் மறைந்துவிடுவதால் நின்றுவிட்டது போலத் தோன்றும். ஒரு வளர்ந்தவரின் உடலில் ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தம் இருக்கிறது. ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் ஒன்றின் அளவு போய்விட்டால் உயிருக்கு ஆபத்து. ஆகவே நம் வேலை இரத்தத்தைச் சேகரிப்பதல்ல, வெளியேறாமல் தடுப்பது. அடைத்த துணிக்கு மேலே வைத்து அழுத்துவதற்குப் பேட் உதவலாம். குழிக்குள் அடைக்க அது உகந்ததல்ல.

கோப்பித்தூள் வைச்சா இரத்தம் நிண்டிரும் எண்டு உம்மா சொல்றா. அதுவும் ஒரு மருந்துதானே?

கோப்பித்தூள், மஞ்சள், சீனி, சுண்ணாம்பு, அடுப்புச் சாம்பல், சிலந்தி வலை என்று ஊருக்கு ஊர் ஒன்று சொல்வார்கள். விரல் நுனி வெட்டு போன்ற சிறு காயம் தானாகவே சில நிமிடங்களில் நின்றுவிடும். அப்போது அங்கே என்ன வைத்திருந்தோமோ அதற்குப் பெயர் கிடைக்கிறது. உம்மா பொய் சொல்லவில்லை. அவர் கண்ட காயங்கள் சிறியவை. பெரிய காயத்தில் அந்தத் தூளை இரத்தமே அடித்துக்கொண்டு வந்துவிடும். எஞ்சிய துகள் காயத்தின் அடியில் ஒட்டிக்கொள்ள, வைத்தியர் அதனை ஒவ்வொன்றாகக் கழுவி எடுத்த பின்னரே தைக்க முடியும். சாம்பலிலும் மண்ணிலும் ஏற்புவலிக் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும் என்பதையும் மறக்கக் கூடாது.

கயோலின் எண்டா மண்தானே? சாம்பல் கூடாது எண்டுட்டு மண்ணை வைக்கச் சொல்றீங்க.

நியாயமான கேள்வி. கயோலின் களிமண்தான், நம் நாட்டில் பொரலஸ்கமுவவிலும் மீட்டியாகொடையிலும் அது நிலத்தில் கிடைக்கிறது. ஆனால் துணியில் ஏற்றப்படுவது சுத்திகரிக்கப்பட்டு, கிருமி நீக்கப்பட்டு, துணியின் இழையோடு பிணைக்கப்பட்டது. தோண்டிய களியைப் பூசுவது சாம்பல் பூசுவதைப் போன்றதே.

அது வேலை செய்யும் விதம் அழகானது. நமது இரத்தத்தில் உறைவதற்கான புரதங்கள் ஓய்ந்த நிலையில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் பன்னிரண்டாவது காரணி என்று அழைக்கப்படும் புரதம், எதிர்மின் ஏற்றம் உள்ள ஒரு மேற்பரப்பைத் தொட்டவுடன் விழித்துக்கொள்கிறது. அது அடுத்ததை எழுப்ப, அடுத்தது அதற்கடுத்ததை எழுப்ப, இறுதியில் பைபிரின் என்னும் இழைகள் பின்னப்பட்டு வலையாகின்றன. கயோலினின் மேற்பரப்பு அத்தகையது. கண்ணாடியும் அப்படித்தான், இதனைப் பாம்புக்கடி பற்றிய விடையில் மீண்டும் சொல்வேன்.

இறால் கோதில செய்த துணி எண்டா, இறால் ஒத்துக்கொள்ளாத ஆக்களுக்கு வைக்கலாமா? எங்கட மார்க்கத்தில அது ஆகுமா?

இறால் ஒவ்வாமை பெரும்பாலும் இறாலின் தசையிலுள்ள புரதத்தால் வருவது. கைட்டோசான் கோதிலிருந்து புரதம் நீக்கி எடுக்கப்படும் பொருள். ஆகவே ஆபத்து குறைவு. எனினும் பொதியில் எச்சரிக்கை இருந்தால், வேறு துணி இருக்கும்போது அதனைத் தெரிவுசெய்யுங்கள். வேறு எதுவும் இல்லாமல் உயிர் போகும் தறுவாயில் தயங்க வேண்டாம். கைட்டோசான் நேர்மின் ஏற்றம் கொண்டது. எதிர்மின் ஏற்றமுள்ள செங்குருதிக் கலங்களைத் தன்னோடு இழுத்து ஒட்டிக் களி போன்ற அடைப்பை உண்டாக்கும்.

மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை; மௌலவியிடம் கேளுங்கள். பொருள் எது என்பதை மட்டும் தெளிவாகச் சொல்கிறேன்: கயோலின் மண்ணிலிருந்து, கைட்டோசான் இறால், நண்டிலிருந்து, அல்ஜினேற் கடற்பாசியிலிருந்து வருகின்றன. சத்திரசிகிச்சையில் வைக்கும் கெலட்டின் பஞ்சுகளுள் சில பன்றித் தோலிலிருந்து செய்யப்படுபவை. அதுபற்றி அக்கறை உள்ளவர்கள் வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்பதில் தவறில்லை.

தூளாவும் இருக்காமே? கொட்டினாச் சரிதானே?

முதலில் வந்தவை தூள்தான். 2000களின் தொடக்கத்தில் அமெரிக்க இராணுவம் சியோலைற் என்னும் கனிமத் துகளைக் காயத்தில் கொட்டிப் பயன்படுத்தியது. அது இரத்தத்தின் நீரை உறிஞ்சும்போது கடுமையாகச் சூடேறி, தசையையே சுட்டது. வேறொரு களித்தூளை 2009ஆம் ஆண்டு அந்த இராணுவம் நிறுத்தியது. விலங்குகளில் செய்த ஆய்வில், துகள்கள் இரத்தக் குழாய்க்குள் சென்று வேண்டாத இடத்தில் உறைவை உண்டாக்கியமை தெரிந்ததே காரணம். இதற்கிடையில் 2008ஆம் ஆண்டு அவர்கள் கயோலின் ஏற்றிய துணிக்கு மாறியிருந்தார்கள். துணியாயின் முழுவதையும் இழுத்து எடுக்கலாம். காற்றில் பறந்து கண்ணில் விழாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அடைத்து அழுத்தலாம். கைட்டோசான் தூள் இன்றும் உண்டு. எனினும் பழகாத கைக்குத் துணியே நல்லது.

கைகால்ல வெட்டுப்பட்டா இறுக்கிக் கட்டுறதா, துணியை அடைக்கிறதா?

கையிலோ காலிலோ இரத்தம் பீறிட்டு அடித்தால், அல்லது உறுப்பே துண்டாகிவிட்டால், இறுக்குப்பட்டியே முதல். காயத்துக்கு 5 முதல் 8 சென்ரிமீற்றர் மேலே, மூட்டின்மீது படாமல், நான்கு விரல் அகலத்துக்குக் குறையாத துணியால் கட்டி, ஒரு தடியைச் செருகி, இரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். நைலோன் கயிறு, கம்பி, மீன்பிடி நூல் ஆகியவை தசையை வெட்டும், அவை வேண்டாம். கட்டிய நேரத்தை நெற்றியிலோ கையிலோ பேனையால் எழுதுங்கள். இடையிடையே தளர்த்த வேண்டும் என்று முன்னர் கற்பித்தார்கள், அது தவறு. வைத்தியசாலையில் மட்டுமே தளர்த்த வேண்டும்.

கவட்டிலும் கமக்கட்டிலும் கழுத்தடியிலும் பட்டி கட்ட இடமில்லை. மருந்தேற்றிய துணியின் உண்மையான பயன் அங்கேதான். கழுத்தில் அழுத்தும்போது மட்டும் மூச்சுக்குழாயை நெரிக்காமல் காயப் பக்கத்தை அழுத்துங்கள்.

அடைக்கவே கூடாத இடம் இருக்கா?

நெஞ்சு, வயிறு, கண், உடைந்த மண்டையோடு. நெஞ்சிலும் வயிற்றிலும் துணியை எவ்வளவு தள்ளினாலும் உள்ளே விழுந்துகொண்டே போகும். அழுத்துவதற்கு அடியில் எலும்பு இல்லை. யானை தாக்கியவர்களையும் வாகனத்தில் மோதுண்டவர்களையும் கவனமாகப் பாருங்கள். வெளியே ஒரு துளி இரத்தம் இல்லாமலே வயிற்றுக்குள் இரத்தம் பெருகலாம். முகம் வெளிறி, வியர்த்து, கைகால் குளிர்ந்தால் எந்தத் துணியும் உதவாது. உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அது இலவசம், தமிழில் பேசலாம்.

கத்தி குத்துப்பட்டபடியே நிக்குது. இழுத்துட்டு அடைக்கிறதா?

இழுக்காதீர்கள். குத்தி நிற்கும் பொருளே குழாயை அடைத்துக்கொண்டிருக்கலாம். அது அசையாதவாறு இருபுறமும் துணிச் சுருள் வைத்துக் கட்டி அனுப்புங்கள். நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ ஏறிய திருக்கை முள்ளுக்கும் இதே விதிதான்.

அப்பாக்கு இரத்தம் மெலிக்கிற குளிசை குடுக்கிறம். அவருக்கு இந்தத் துணி கேக்குமா?

வோபரின் போன்ற குளிசை, கயோலின் தட்டியெழுப்ப வேண்டிய புரதத் தொடரையே குறைத்துவைக்கிறது. ஆகவே கயோலின் துணி மெதுவாகவே வேலை செய்யும். கைட்டோசான் அந்தத் தொடரை நம்பியிருக்காததால் அத்தகையோருக்குக் கூடுதலாக உதவலாம். எது கிடைத்தாலும் சொன்ன நேரத்தை விட அதிக நேரம் அழுத்துங்கள். குளிசை அட்டையைக் கையோடு வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

இரத்தச் சுத்திகரிப்புச் செய்யும் சிறுநீரக நோயாளரின் கையில் உள்ள பிஸ்ரியூலா (சுத்திகரிப்புக்காக நாடியையும் நாளத்தையும் இணைத்த இடம்) வெடித்து ஓடினால், பெரிய துணிக்கட்டை அள்ளி வைக்காமல், ஓடும் துளையின்மீது சிறிய துணியை வைத்து ஒரு விரலால் நேரே அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்தபடி அம்புலன்ஸை அழையுங்கள்.

புடையன் கடிச்ச இடத்தில இரத்தம் நிக்காமக் கசியுது. துணியை வைக்கலாமா?

கண்ணாடிப் புடையனின் விடம் உடல் முழுவதும் உறைதற் புரதங்களைத் தீர்த்துவிடுகிறது. கயோலின் தட்டியெழுப்புவதற்கு அங்கே எதுவும் மிஞ்சியிராது. வைத்தியசாலையில் சிறிதளவு இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்துச் சரித்துப் பார்ப்பார்கள். கண்ணாடி தொட்டும் உறையாவிட்டால் விடம் ஏறியிருக்கிறது. அதற்கு மருந்து விடமுறி ஊசி ஒன்றே. கடிவாயை வெட்டாமல், உறிஞ்சாமல், மேலே இறுக்கிக் கட்டாமல், உறுப்பை அசைக்காமல் கொண்டுசெல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில என்ன சொல்லோணும்?

எப்போது காயப்பட்டது, எத்தனை துணி உள்ளே இருக்கிறது, பட்டி கட்டியிருந்தால் எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் சொல்லுங்கள். பொதியின் வெற்று உறையையும் கொடுங்கள். உள்ளே என்ன பொருள் என்று வைத்தியர் அறிவார். தரமான துணியில் எக்ஸ்ரேயில் தெரியும் இழை ஒன்று இருக்கும். துணியை நீங்கள் எடுக்க வேண்டாம். அதனைச் சத்திரசிகிச்சை வசதி உள்ள இடத்தில் கழுவி எடுப்பார்கள். நேரத்தைக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: இரத்தப்போக்கைக் குறைக்கும் ட்ரனெக்சாமிக் அமில ஊசி, காயப்பட்டு 3 மணித்தியாலத்துக்குள் ஏற்றினால்தான் பயன் தரும்.

முதலுதவிப் பெட்டிக்கு ஒண்டு வாங்கி வைக்கவா?

இயந்திரங்களோடு வேலை செய்யும் குழுவுக்கு ஒன்று இருப்பது நல்லது. விலை கூடியது என்பதால் தனித்தனியாக வாங்க வேண்டியதில்லை. தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் பதிவு உள்ளதா, பொதி கிழியாமல் இருக்கிறதா, காலாவதித் திகதி என்ன என்று பாருங்கள். வெயிலில் நிற்கும் வாகனத்தில் வைக்காதீர்கள். காலாவதியானதை எறியாமல் பழகுவதற்கு எடுங்கள். முதலில் பத்துச் சாதாரண கோஸ் சுருள்களை வாங்கி அடைத்துப் பழகிய பின்னர் இதனை வாங்குவதே என் ஆலோசனை.

நாங்க மண்டூர்ப் பக்கம். பாதையில (களப்பைக் கடக்கிற மிதவைப் படகில) ஏத்திக் கடக்கேக்க எவ்வளவு நேரம் கையை வைச்சிருக்கிறது?

அடைத்து அழுத்திய நிமிடங்கள் முடிந்து இரத்தம் நின்றிருந்தால், துணி மேட்டின்மீது இன்னொரு துணிச் சுருளை வைத்து, அகலமான துணியால் இறுகச் சுற்றிக் கட்டுங்கள். கட்டிய பின்னரும் ஒருவர் கையை அதன்மீதே வைத்திருக்கட்டும். தூக்கி ஏற்றும்போதும் படகு கரையில் முட்டும்போதும் உறைவு அசைந்து மீண்டும் ஓடுவதுண்டு. கை மாற்ற வேண்டுமாயின், அடுத்தவர் தன் கையை உங்கள் கையின்மேல் வைத்து அழுத்திய பின்னரே உங்கள் கையை உருவுங்கள். இரத்தம் குளிர்ந்தால் உறைவது குறையும் என்பதால், நனைந்த உடையை நீக்கி, உலர்ந்த சாரனால் காயப்பட்டவரின் உடலைப் போர்த்துங்கள். களப்புக் காற்று பகலிலும் குளிரும். குடிக்கத் தண்ணீர் கொடுக்காதீர்கள், சத்திரசிகிச்சை தேவைப்படலாம். குருமண்வெளியில் இறங்கும்போது அம்புலன்ஸ் அங்கே நிற்கும்படி, பாதையில் ஏறுவதற்கு முன்னரே 1990க்கு அழைத்துச் சொல்லிவிடுங்கள்.